ஆற்று மண்ணும் பாலத்தின் கடைக்காலும்

பாலத்தின்மீது நடந்து செல்வோர் அதன் நீளத்தையும் அகலத்தையும் கண்டு வியப்பர். படகிலிருந்து பார்ப்போர் அதன் கண்களையும் தூண்களையும் எண்ணுவர். மணலுக்குள் மறைந்து கிடக்கும் கடைக்காலைப் பற்றி நினைப்பவர் மிகச் சிலரே. கண்ணுக்குத் தெரியாத பொருளைப் பற்றி யார்தான் கவலைப்படுவர்? ஆயினும் ஆற்றுப் பாலங்கள் விழுந்த கதைகளை ஆராய்ந்து பார்த்தால், உத்திரம் முறிந்து விழுந்தவற்றைவிட அடி பெயர்ந்து விழுந்தவையே மிகுதி என்பது விளங்கும்.

திருச்சிராப்பள்ளியில் கொள்ளிடத்தின் குறுக்கே 1928-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பழைய பாலத்தை நம் அன்பர் பலர் அறிவர். 2016-இல் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டபின் பழையதன்மேல் வண்டிகள் செல்வது நின்றது. இரண்டாண்டு கழித்து, 2018 ஆகஸ்டு மாதத்தில், மேட்டூர் அணை நிரம்பிப் பெருவெள்ளம் வந்தபோது, அப்பாலத்தின் தூண்கள் சில அடி பெயர்ந்து சாய, மேலிருந்த பகுதியும் உடன் வீழ்ந்தது. அப்போது அதன்மேல் ஒரு வண்டியின் பாரமும் இல்லை. பாரமே இல்லாத பாலம் ஏன் விழவேண்டும்? இவ்வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆற்றுப் படுகையின் மண்ணைப் பொறிவலர் எவ்வெவ்வாறு சோதிக்கின்றனர், எதற்காகச் சோதிக்கின்றனர் என்பதைக் கூறினால் அவ்விடையும் தானே வெளிப்படும்.

வீடு கட்டுவோன் மண்ணை நோக்கிக் கேட்கும் கேள்வி ஒன்றே: "நீ எவ்வளவு பாரம் தாங்குவாய்?" பாலம் கட்டுவோன் அதற்கு முன்னதாக வேறொன்று கேட்டாக வேண்டும்: "வெள்ள நாளில் நீ இங்கே இருப்பாயா?" கோடையில் நாம் காணும் ஆற்று மணல், அசையாத தரை போன்று தோன்றினும், தரையன்று. நீர் பெருகும்போது அதுவும் நீரோடு கூடவே நடக்கும். அமெரிக்காவில் மிஸிஸிப்பி ஆற்றின் குறுக்கே செயின்ட் லூயிஸ் நகரில் பாலம் கட்டிய ஜேம்ஸ் ஈட்ஸ் என்பவர், இளமையில் மூழ்கிய கப்பல்களிலிருந்து பொருள்களை மீட்கும் தொழில் செய்தவர். நீர்மூழ்கி மணிக்கூட்டில் இறங்கி ஆற்றின் அடியிலே தம் கால்களால் நடந்தவர். தாம் மிதித்த மணல் முழுவதும் ஓடிக்கொண்டிருப்பதை நேரில் உணர்ந்தமையால், எவ்வளவு செலவாயினும் தூண்களைப் பாறைமீதே நிறுத்த வேண்டுமென்று அவர் பிடிவாதம் செய்தார். 1874-இல் திறக்கப்பட்ட அப்பாலம் இன்றும் நிற்கின்றது. அதன்பொருட்டு அழுத்தக் காற்றறைகளில் ஆழத்தில் வேலை செய்த தொழிலாளருள் பத்துக்கு மேற்பட்டோர், மேலே வந்தபின் உண்டாகும் நோயால் உயிர் துறந்தனர் என்பதையும் மறத்தல் ஆகாது.

ஓடும் நீரில் ஒரு தூணை நட்டுவிட்டால் அரிப்பு இன்னும் மிகும். தூணின் முகத்தில் மோதும் நீர், பக்கங்களில் விலகுவதோடு நில்லாமல், தூணை ஒட்டிக் கீழ்நோக்கிப் பாய்ந்து, அடியில் குதிரை லாடத்தின் வடிவாகச் சுழன்று மணலைத் தோண்டியெறியும். கடற்கரையில் அலை திரும்பும்போது நம் குதிகாலின் அடியிலிருந்து மணல் நழுவுவதை அறியாதார் யார்? அதுவே பெரிய அளவில் நிகழ்வதென்க. இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. வெள்ளம் வடியும்போது, வேகம் குறைந்த நீர் தான் கொணர்ந்த மணலை அக்குழியிலேயே இட்டு நிரப்பிவிடும். தை மாதத்தில் போய்ப் பார்ப்பவனுக்குப் படுகை சமதளமாகவே தோன்றும். ஐப்பசியில் அங்கே எவ்வளவு ஆழக்குழி இருந்தது என்பதற்கு மேற்பரப்பில் ஒரு சான்றும் இராது.

ஆதலால் ஆற்றின் உள்ளே துளையிட்டுத்தான் பார்க்க வேண்டும். நீர் வற்றிய காலத்தில், ஒவ்வொரு தூணும் வரவிருக்கும் இடத்தில் முக்காலி நாட்டி, விஞ்சும் கயிறும் கொண்டு துளையிடுவர். துளை இடிந்து விழாதபடி இரும்பு உறைக்குழாயை இறக்கிக்கொண்டே செல்வர். ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை, அல்லது மண் மாறுந்தோறும், துளையிடுதலை நிறுத்தி ஊடுருவற் சோதனை செய்வர். இது மிக எளியது. நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கக்கூடிய, 5 சென்டிமீட்டர் பருமனுள்ள ஒரு குழாயைத் துளையின் அடியில் நிறுத்தி, அதன் தண்டின் தலையில் 63.5 கிலோகிராம் எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழவிடுவர். முதல் 15 சென்டிமீட்டர் இறங்குவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. துளையிட்டபோது கலைந்த மண் அது. அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்குவதற்கு எத்தனை அடி தேவைப்பட்டதோ அதுவே அம்மண்ணின் எண். மணலில் 10-க்குக் குறைந்தால் தளர்ந்தது, 30-க்கு மேற்பட்டால் இறுகியது என்று கொள்வர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1902-ஆம் ஆண்டையொட்டித் தோன்றிய இம்முறை இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. பின்னர்க் குழாயைப் பிளந்து, உள்ளே அகப்பட்ட மண்ணைப் புட்டியிலிட்டுச் சீட்டு ஒட்டிச் சோதனைச் சாலைக்கு அனுப்புவர்.

எளிய சோதனைதான், ஆயினும் ஏமாற்றமும் எளிது. உறைக்குழாய்க்குள் நீர்மட்டம் வெளியே உள்ள மட்டத்தைவிடத் தாழ்ந்துவிட்டால், வெளிநீர் அடிவழியாகக் குழாய்க்குள் பாயும். அதனுடன் மணலும் கொதிக்கும் கஞ்சிபோல் பொங்கி மேலேறும். அவ்வாறு தளர்ந்துபோன மணலில் சம்மட்டி அடித்தால், இறுகிய மண்ணும் தளர்ந்ததாகவே எண் காட்டும். குழாயில் எப்போதும் நீர் நிரப்பி வைத்திருக்க வேண்டுமென்பது பாமர விதிபோலத் தோன்றும். அதைக் காவாதவனுடைய எண்கள் ஒன்றுக்கும் உதவா.

யான் இக்கல்லூரியில் பௌதிகம் பயின்று, பிறகு பொறியியல் கற்று, வேலையில் அமர்ந்த முதலாண்டில், தெற்கத்தி ஆறொன்றில் துளையிடும் குழுவுடன் ஒரு கோடை முழுவதும் கழித்தேன். நான்காம் துளையில், படுகை மட்டத்திற்கு 8.5 மீட்டர் கீழே, பிளவுக்குழாயைத் திறந்தபோது மணலுக்கு நடுவே நார்போன்ற ஒரு துணுக்குத் தென்பட்டது. வேரென்று எண்ணி எறியப் போனேன். எங்கள் மேஸ்திரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எறியாதீர்கள். இதில் முடிச்சு இருக்கிறது பாருங்கள்" என்றார். கழுவிப் பார்த்தோம். நைலான் மீன்வலையின் சிறு துண்டு அது! "அண்ணாச்சி, வலை எப்படி இவ்வளவு ஆழத்தில் போயிற்று?" என்று கேட்டேன். அவர் சிரித்து, "வலை ஆழத்திற்குப் போகவில்லை, தம்பி, ஆறுதான் போயிருக்கிறது" என்றார்.

அவர் கூறியதன் பொருள் சிறிது யோசித்த பின்னரே எனக்குப் புலனாயிற்று. நம் மீனவர் கையில் நைலான் வலை வந்து பல நூற்றாண்டுகள் ஆகவில்லை. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில்தான் அது பரவிற்று. ஆதலின், அக்காலத்திற்குப் பின் ஏதோ ஒரு வெள்ளத்தில் அவ்விடத்துப் படுகை 8.5 மீட்டர் ஆழம் வரை அரிக்கப்பட்டு, மீண்டும் தூர்ந்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தின் முதற்கணக்கில் அரிப்பின் ஆழம் 6 மீட்டர் என்றே போட்டிருந்தது. அத்துணுக்கைப் புட்டியிலிட்டு மேலதிகாரியின் மேசைமேல் வைத்தோம். கணக்கு மறுபடியும் போடப்பட்டது.

அக்கணக்கு எவ்வாறு போடப்படுகின்றது என்பதைக் கூறுவாம். இதற்கு வேண்டியது சல்லடைச் சோதனை. உலர்த்திய மண்ணை, கண் பெரியது மேலும் சிறியது கீழுமாக அடுக்கிய சல்லடைகளில் இட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றிலும் தங்குவதை நிறுத்து, மணற்பருக்கையின் சராசரிப் பருமனைக் காண்பர். ஐக்கிய மாகாணத்துக் கால்வாய்களில் பணிபுரிந்த ஜெரால்டு லேஸி என்னும் பொறிவலர், வண்டல் நிலத்தில் அரிப்பும் படிவும் இன்றி ஓடும் கால்வாய்களை ஆராய்ந்து 1930-இல் வெளியிட்ட விதிகளே இன்றளவும் இந்தியப் பாலக் கணக்குகளுக்கு அடிப்படை. மில்லிமீட்டரில் கணித்த சராசரிப் பருமனின் வர்க்கமூலத்தை 1.76-ஆல் பெருக்கினால் வண்டற்குணகம் கிடைக்கும். பாலத்தின் ஒரு மீட்டர் அகலத்தில் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் வெள்ளம் செல்லும் என்பதன் வர்க்கத்தை அக்குணகத்தால் வகுத்து, கனமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால், வெள்ள மட்டத்திலிருந்து அளந்த சராசரி அரிப்பாழம் வரும். தூணின் அருகில் சுழல் மிகுதியாதலால் அதனை இரட்டிப்பர்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். மீட்டர் ஒன்றுக்கு விநாடிக்கு 15 கன மீட்டர் வெள்ளம் என்று வைத்துக்கொள்க. மணல் 0.32 மில்லிமீட்டர் பருமனுள்ள நுண்மணலாயின் குணகம் ஏறக்குறைய 1. சராசரி அரிப்பு 8.15 மீட்டர், தூணருகே 16.3 மீட்டர். அதே வெள்ளத்தில் மணல் 1.29 மில்லிமீட்டர் பருமனுள்ளதாயின் குணகம் 2. தூணருகே அரிப்பு 12.9 மீட்டர்தான். அரிப்பாழத்தில் மூன்றிலொரு பங்கு அதற்கும் கீழே மண்ணின் பிடி இருக்க வேண்டுமென்பது நீண்ட வழக்கம். அப்படியானால் கடைக்காலின் அடி, முதல் மணலில் வெள்ள மட்டத்திற்குக் கீழே ஏறக்குறைய 21.7 மீட்டரிலும், இரண்டாவதில் 17.2 மீட்டரிலும் அமையும். நாலரை மீட்டர் வேற்றுமை! அதனைத் தீர்மானிப்பது ஒரு கைப்பிடி மணலும் ஒரு சல்லடையும்.

இங்கே மாணாக்கர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. துளையைத் தூர்வாரும் வாளியில் வரும் மணலைச் சல்லடைக்கு அனுப்புதல் சோம்பேறிகளின் வழக்கம். வாளி நீரினூடே மேலேறும்போது நுண்ணிய பருக்கைகள் கழுவுண்டு போய்விடும், பெரியவையே எஞ்சும். ஆகவே மணல் உள்ளதைவிடப் பருமனாகத் தோன்றும், குணகம் உயரும், அரிப்பாழம் குறையும், கடைக்காலும் மேலேயே நின்றுவிடும். பிழையெல்லாம் ஆபத்தின் பக்கமே சாய்கின்றது. பிளவுக்குழாயில் அகப்பட்டதையே சோதிக்க வேண்டுமென்று வற்புறுத்துவது இதனாலேதான். லேஸியின் விதியும் வண்டல் மணலுக்கே உரியது; களிமண்ணுக்கும் கற்பாறைக்கும் அதனைக் கண்மூடிப் பிரயோகித்தல் தகாது.

இனி மண்ணின் வலிமைக்கு வருவோம். மணல் பாரந் தாங்குவது, பருக்கைகள் ஒன்றோடொன்று உராய்ந்து நெருக்கிக் கொள்வதால். அந்நெருக்கத்தைத் தருவது மேலே கிடக்கும் மணலின் எடை. படுகைக்கு 15 மீட்டர் கீழே இருக்கும் மணல் இன்று நல்ல எண் காட்டுகின்றதென்றால், அதன் தலைமேல் 15 மீட்டர் மணல் அமர்ந்திருப்பதும் அதற்கு ஒரு காரணம். வெள்ள நாளில் மேலேயுள்ள 10 மீட்டர் அகன்றுவிட்டால், எஞ்சிய 5 மீட்டரின் நெருக்கத்தில் அதே மணல் தாங்கக்கூடிய பாரம் மிகக் குறைந்துவிடும். பக்கவாட்டில் தூணைப் பிடித்துக்கொள்ளும் மண்ணும் அவ்வளவு குறையும். நீரின் தள்ளுதலோ அன்றைக்குத்தான் அதிகம். ஆகவே கோடையில் எடுத்த எண்களை அப்படியே கணக்கில் இடாமல், படுகை அரிக்கப்பட்ட நிலையை மனத்திற் கொண்டு குறைத்தே இடவேண்டும். பாரமே இல்லாத பாலம் ஏன் விழுந்தது என்ற வினாவுக்கு இதில் விடை இருக்கின்றது. கொள்ளிடத்தில் பல்லாண்டுகளாக மணல் அள்ளியதால் படுகையே தாழ்ந்துவிட்டது என்று அப்போது பலரும் முறையிட்டனர். வெள்ளம் அகற்றினாலும் லாரி அகற்றினாலும் கடைக்காலின் பிடி தளர்வது ஒன்றே. வெள்ளமாவது திரும்பக் கொணர்ந்து இடும்.

வலிய மண் அரிக்கப்படாது என்று நம்புவதும் பிழை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஸ்கோஹாரி ஓடையின்மேல் 1954-இல் திறக்கப்பட்ட நெடுஞ்சாலைப் பாலத்தின் தூண்கள், பனியாறுகள் படிவித்த மிக இறுகிய மண்ணின்மேல், ஆழமில்லாத அகன்ற அடித்தளங்களில் நிறுத்தப்பட்டன. பாரந் தாங்குவதில் அம்மண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. ஆகையால் கீழே முளைகள் அறையப்படவில்லை. தூண்களைச் சுற்றிக் காவலாக இட்ட கற்குவியலை வெள்ளங்கள் சிறிது சிறிதாக அகற்றின. போதிய அளவு திரும்ப இடப்படவும் இல்லை. 1987 ஏப்ரல் 5-ஆம் நாள் வெள்ளம் ஒரு தூணின் அடியைக் குடைந்துவிட, பாலம் ஓடையில் வீழ்ந்து 10 பேர் மாண்டனர். தாங்கும் வலிமை வேறு, நீருக்கு ஈடுகொடுக்கும் வலிமை வேறு என்பதற்கு இதனினும் கொடிய பாடம் வேண்டா. அதன்பின்னரே அந்நாட்டில் ஆற்றுப் பாலங்கள் அனைத்தையும் அரிப்பின் நோக்கில் சோதிக்கும் ஏற்பாடு வலுப்பெற்றது.

களிமண்ணின் சங்கதி தனி. அதற்குச் சம்மட்டி எண் போதாது. மெல்லிய சுவருள்ள குழாயை அடிக்காமல் அழுத்தி இறக்கி, கலையாத மண்ணை எடுத்து, ஈரம் போகாதபடி இருமுனையிலும் மெழுகு வார்த்து அனுப்ப வேண்டும். ஸ்வீடன் நாட்டு ரசாயன அறிஞர் அட்டர்பர்க் 1911-இல் வகுத்த எல்லைகளை முதலிற் காண்பர். பித்தளைக் கிண்ணத்தில் மண்ணைக் குழைத்து நடுவே கோடு கிழித்து, 25 தட்டலில் அக்கோடு மூடிக்கொள்ளும் ஈரம் எவ்வளவோ, அது நீர்மை எல்லை. உள்ளங்கையால் உருட்டும்போது 3 மில்லிமீட்டர் திரியாகி நொறுங்கத் தொடங்கும் ஈரம் குழைமை எல்லை. படுகைக்குள் இருக்கும் களியின் இயற்கை ஈரம் முதலெல்லையை நெருங்கியிருந்தால் அது நம்பத்தக்கதன்று. பிறகு ஒரு வளையத்துக்குள் அதனை இட்டுப் பாரத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு பாரத்தையும் ஒருநாள் வைத்திருந்து, நீர் கசிந்து மண் எவ்வளவு அமிழ்கின்றதென அளப்பர். இதன் தத்துவத்தை 1925-இல் தம் நூலில் நிறுவிய கார்ல் டெர்ஸாகி மண் இயலின் தந்தையென்று போற்றப்படுகிறார். ஒரு தூணின் கீழே களிப்படலம் இருந்து, அடுத்த தூணின் கீழே இல்லையாயின், ஒன்று ஆண்டுகள் பலவாக அமிழ, மற்றது நிற்கும். இடையிலுள்ள உத்திரம் முறுக்குண்ணும். ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனித் துளை வேண்டுமென்பது வீண் செலவன்று.

நிலநடுக்கம் உள்ள நாட்டில் வேறொரு கவலையும் சேரும். தளர்ந்த நுண்மணல் நீரில் ஊறிக் கிடக்கையில் பூமி குலுங்கினால், அது சற்றுநேரம் திரவம்போலாகிவிடும். ஜப்பானில் நீகாதா நகரத்து ஷோவா பாலம், திறந்து சில வாரங்களே ஆன நிலையில், 1964 ஜூன் 16-ஆம் நாள் அவ்வாறு வீழ்ந்தது.

இத்தனை சோதனைகளுக்கும் வேர், வெயிலில் நின்று அடியை எண்ணுபவனுடைய நேர்மை. மற்றோர் இடத்தில் ஓர் ஒப்பந்தக்காரரின் ஆள் கொடுத்த பதிவேட்டைச் சரிபார்க்க நேர்ந்தது. எண்கள் 12, 15, 18, 21, 24 என்று படிக்கட்டுப்போல் ஏறிச் சென்றன. இயற்கை அவ்வளவு ஒழுங்காக ஏணி கட்டுவதில்லை. விசாரித்ததில், மூன்று மீட்டருக்குக் கீழே சம்மட்டியே விழவில்லையென்றும், மரநிழலிலிருந்து எழுதியதென்றும் தெரிந்தது. மீண்டும் துளையிட்டோம். 14 மீட்டரில் இரண்டு மீட்டர் தடிப்புள்ள மெல்லிய களி இருந்தது. அங்கே எண் 3. அவன் எழுதியதை நம்பியிருந்தால் அக்களியின்மேல்தான் தூணை நிறுத்தியிருப்போம். அவனைக் குறைகூறுவதில் எனக்கு மனமில்லை. அவனுக்குக் கூலி துளையின் நீளத்திற்கே அளிக்கப்பட்டது, உண்மைக்கன்று.

நம் நாட்டு ஆறுகளில் பெரும்பாலும் இறக்கப்படுவது கிணற்றுக் கடைக்கால். கூரிய அடிவளையத்தின்மேல் சுவரெழுப்பி, உள்ளே மண்ணை அள்ள அள்ள அது தன் எடையால் தானே இறங்கும். ஆகவே துளையிட்டபோது கேட்ட கேள்வியை மண்ணிடம் மறுபடியும் கேட்க வாய்ப்புக் கிடைக்கின்றது. அள்ளி எடுத்த மண்ணைப் பதிவேட்டோடு ஒவ்வொரு மீட்டருக்கும் ஒப்பிட்டு வரவேண்டும். ஒரு பக்கம் மணலும் மறுபக்கம் களியுமாயின் கிணறு சாயும். களியுள்ள பக்கத்தில் மிகுதியாக அள்ளியும், மேலே பாரமேற்றியும் அதனை நிமிர்த்துவர். மேற்சொன்ன தெற்கத்தி ஆற்றில் நான்காம் கிணறு முதற்கணக்கைவிட நான்கு மீட்டர் கூடுதலாக இறங்கிற்று. அதன் அடியை மூடிக் கான்கிரீட்டு இடுமுன், முக்குளிப்பவர் ஒருவர் உள்ளே இறங்கி, கையால் தடவி, ஒரு பிடி மண்ணை எடுத்து வந்தார். மேஸ்திரி அதனை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, பதிவேட்டில் அவ்வாழத்திற்கு எதிரே எழுதியிருந்ததை என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். "மஞ்சள் நிறப் பருமணல், சரளை கலந்தது" என்று படித்தேன். தலையசைத்துவிட்டுக் கான்கிரீட்டைத் தொடங்கச் சொன்னார்.